கேம் ரிவ்யூ எழுதுகிறவர்கள் காசு வாங்குகிறார்களா?

உங்கள் கேள்வியை என் பங்குக்குச் சுருக்கிச் சொல்கிறேன். ரிவ்யூக்களில் நூற்றுக்குச் சராசரி 88 மதிப்பெண் வாங்கிய ஒரு கேமை முழு விலைக்கு வாங்கினீர்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் அது திக்கித் திணறி ஓடியது. ஆறு மணி நேரத்தில் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டீர்கள். பெரிய தளங்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே மாதிரி புகழ்ந்திருந்ததைத் திரும்பிப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது: இவர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா, இதற்கு யாரோ இரண்டு பேர் சொந்தமாக நடத்தும் தளத்தையும் பாட்காஸ்டையும் நம்பினால் தேவலையா? காசு வாங்கினார்களா என்பது கோபத்தில் வந்த கேள்வி. அடுத்த முறை பணத்தை எடுப்பதற்கு முன் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஒரு பெரிய தளத்துக்கு மூன்று வருடம் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிக்கொடுத்தவன். அதன்பின் 11 வருடமாக நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சின்னத் தளமும் வாரம் ஒரு பாட்காஸ்டும் நடத்துகிறேன். ஆக, நீங்கள் சந்தேகப்படும் இரண்டு பக்கத்திலும் எனக்குப் பங்கு உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே மணிக்கு எல்லோரும் வெளியிடுவதில் மர்மம் ஒன்றும் இல்லை. கேம் கடைக்கு வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, அதை வெளியிடும் நிறுவனம் ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கு ஒரு கீ, அதாவது கேமை இலவசமாகத் திறந்து ஆடுவதற்கான குறியீடு, அனுப்பும். கூடவே நிபந்தனைகள் வரும். இன்ன தேதி, இன்ன மணிக்கு முன் ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. ஆறாவது அத்தியாயத்துக்கு மேல் எந்தக் காட்சியும் காட்டக்கூடாது. இந்தப் பாத்திரத்தின் பெயரையே சொல்லக்கூடாது. இதற்கு எம்பார்கோ என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் வாய்ப்பூட்டு மாதிரித் தெரியும். எழுதுகிறவனுக்கோ இது ஒரு வகையில் நல்லதுதான். இது இல்லாவிட்டால் முதலில் போடுகிறவனுக்குத்தான் கூட்டம் என்று ஆகி, பாதி விளையாடியவன் முந்திக்கொள்வான். எம்பார்கோ நேரம் ஒன்றாக இருந்தால் முழுசாக முடித்தவனுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. 60 மணி நேர கேமுக்கு ஐந்து நாள் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம். அப்படி விளையாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூன்றாம் நாள் கேம் வேலையாகிவிடும். நீங்கள் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் சுற்றித் திரிந்து ரசிக்கும் காடு, எனக்கு அடுத்த கட்டத்துக்கும் எனக்கும் நடுவில் நிற்கும் இடைஞ்சல். கஷ்டமான சண்டை வந்தால் யோசிக்காமல் ஈஸிக்கு மாற்றிவிடுவேன். ஆனால் ரிவ்யூவில் சண்டை அமைப்பு பற்றி இரண்டு பத்தி எழுதியாக வேண்டும். ஆன்லைனில் ஆடும் கேம் என்றால் சர்வரில் என்னைப் போன்ற விமர்சகர்கள் மட்டும்தான் இருப்பார்கள், கூட்டம் வந்தால் சர்வர் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே அவசரத்தில், ஒரே நிபந்தனையில், ஒரே பதிப்பை ஆடினால் கருத்தும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். இதற்குக் கையூட்டு தேவையில்லை.

உங்கள் கம்ப்யூட்டர் விஷயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முழுநேரமாக ரிவ்யூ எழுதுகிறவரின் மேஜையில் பெரும்பாலும் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருக்கும். அவரிடம் கேம் திணறவே இல்லை, எனவே அவர் அதைப் பற்றி எழுதவும் இல்லை. இதன் உச்சம் 'சைபர்பங்க் 2077' என்ற கேம். 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்குச் சில நாள் முன் வந்த ரிவ்யூக்கள் எல்லாம் பிசி பதிப்பை ஆடி எழுதியவை, டிவியோடு இணைத்து ஆடும் கன்சோல் இயந்திரங்களுக்கான பதிப்பை யாருக்கும் முன்கூட்டித் தரவில்லை. தாங்கள் ஆடியதைத் தாங்களே பதிவு செய்து காட்டவும் அனுமதி இல்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். சராசரி மதிப்பெண் தொண்ணூறைத் தொட்டது. சோனியின் பிஎஸ்4 கன்சோல் வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டபோது முகங்கள் உருகின, கேம் பாதியில் நின்றது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்தது. மறுபடி அது அங்கே வந்தது 2021 ஜூனில். அந்த ரிவ்யூக்களில் எழுதியது பொய்யா? பொய் இல்லை. ஆடிய இயந்திரத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் படித்தவர்களில் பெரும் பகுதியினரிடம் அந்த இயந்திரம் இல்லை. "கன்சோல் பதிப்பை எங்களுக்குத் தரவில்லை, பொறுத்திருங்கள்" என்ற வரி முதல் பத்தியில் கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது எங்கோ அடியில் கிடந்தது. இதைத்தான் நான் குற்றம் என்பேன்.

இப்போது காசுக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மேன் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அந்தத் தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அவர் வேலை போனது. ஒப்பந்தம் வாயைக் கட்டியிருந்ததால் 2012 வரை அவரால் வெளிப்படையாகப் பேச முடியவில்லை. பேசியபோது, விளம்பரம் கொடுத்தவர்களின் அழுத்தத்தை நிர்வாகத்தால் தாங்க முடியாததுதான் காரணம் என்றார். இரண்டாவது, 2014-இல் வந்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்'. யூடியூபில் புகழ்ந்து பேச வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் சிலருக்குப் பணம் கொடுத்தது. கேமில் உள்ள பிழைகளைக் காட்டக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. பணம் வாங்கியதைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி சொல்லவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2016-இல் அது சமரசத்தில் முடிந்தது. இவை ஆவணமாக இருப்பவை.

அதற்கு மேல் சொல்வது என் அனுபவம், அவ்வளவுதான். 14 வருடத்தில் மதிப்பெண்ணுக்காக யாரும் எனக்குப் பணம் நீட்டியதில்லை. நீட்டும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம், ஆகவே இதை வைத்து உலகத்தையே அளக்காதீர்கள். நான் பார்த்த அழுத்தம் பணமாக வராது, மௌனமாக வரும். ஒரு கேமை நன்றாகவே கிழித்து எழுதினேன். அதன்பின் அந்த நிறுவனத்திலிருந்து கீ வருவது நின்றது. யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை, அவ்வளவே. கோட்டாகு என்ற கேம் செய்தித் தளம் 2015-இல் இதை வெளிப்படையாகவே எழுதியது: வெளிவராத கேம்கள் பற்றிய செய்திகளைக் கசியவிட்டதற்காக பெதஸ்டா, யூபிசாஃப்ட் என்ற இரண்டு பெரிய கேம் நிறுவனங்களும் தங்களை ஒதுக்கிவைத்துவிட்டதாக. பெரிய தளத்துக்கு இது எரிச்சல். சின்னத் தளத்துக்கு, ரிவ்யூவே பத்து நாள் தாமதமாக, சொந்தக் காசில் வாங்கி எழுத வேண்டும் என்று அர்த்தம். இந்தப் பயம் எழுதுகிறவன் கையை எவ்வளவு பிடித்து இழுக்கிறது? என் ஊகம்: மதிப்பெண்ணை அது மாற்றுவது குறைவு, வார்த்தையை மாற்றுவது அதிகம். "சலிப்பாக இருந்தது" என்பது "சிலருக்கு மெதுவாகத் தோன்றலாம்" ஆகிவிடும். அந்தச் "சிலருக்கு" வரும் இடங்களில் எல்லாம் கொஞ்சம் நின்று படியுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பத்துக்கு எட்டு என்பது நம் எல்லோர் மண்டையிலும் பரீட்சைப் பேப்பராகவே பதிந்திருக்கிறது. ஐந்து சுமாருக்கு உரிய எண் என்று யாரும் நினைப்பதில்லை, ஃபெயில் என்றே நினைக்கிறார்கள். அதனால் உலகத்தில் உள்ள கேம்கள் எல்லாம் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த நெரிசலில் ஒரு புள்ளி எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதற்கு 2010-இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' போதும். பல ரிவ்யூக்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக் தளத்தில் 85 வந்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் எட்டரைக்குப் பதில் எட்டு போட்டால் யாருடைய போனஸ் போகும் என்று யோசித்துப் பார்த்தபின் எங்கள் தளத்தில் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டோம்.

சரி, சொந்தமாக நடத்துகிறவர்களுக்கு வருகிறேன். இது புதிய விஷயம் இல்லை. 2005 ஜூனில் ஆப்பிளின் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட் நுழைந்ததும் கேம் பத்திரிகைக்காரர்கள் மைக் முன் உட்கார்ந்துவிட்டார்கள். கெர்ஸ்ட்மேன் வேலை போனபின் 2008-இல் நண்பர்களோடு ஜயன்ட் பாம் என்ற கேம் தளத்தைத் தொடங்கினார், எழுத்தைவிட அவர்களின் பேச்சுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. பிறகு ஒவ்வொரு முறை ஒரு நிறுவனம் ஆட்களை வெளியே தள்ளும்போதும் இதே கதை நடக்கிறது. 2023-இல் வைஸ் நிறுவனம் தன் கேம் தளமான வேபாயின்டை மூடியது, அங்கிருந்தவர்கள் ரீமேப் என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். அதே வருடம் நவம்பரில் எஸ்கேபிஸ்ட் என்ற கேம் தளத்தின் ஆசிரியரை வேலையை விட்டு எடுத்ததும் வீடியோக் குழு மொத்தமாக ராஜினாமா செய்துவிட்டு செகண்ட் விண்ட் என்று தனியாக வந்தது. கைமாறிக் கைமாறிச் சுற்றிய ஜயன்ட் பாமையே 2025-இல் அதில் வேலை பார்த்தவர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். கேட்பவர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் பணத்தில்தான் இவற்றில் பெரும்பாலானவை ஓடுகின்றன. விளம்பரம் கொடுப்பவனுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது உண்மை. வேறு யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்காஸ்ட் ரிவ்யூவைவிட எந்த இடத்தில் மேல் என்பதை என் தோல்வி ஒன்றை வைத்தே காட்டுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கேமை முதல் வாரம் தலையில் தூக்கிவைத்து ஆடினேன். எழுத்திலும் புகழ்ந்தேன், பேச்சிலும் புகழ்ந்தேன். நாலாவது வாரம் ரெக்கார்டிங்கில் என் நண்பர் சும்மா ஒரு பேச்சுக்கு, "அதை இப்பவும் ஆடுறியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எடிட் செய்ய உட்கார்ந்தபோது திரையில் அந்த இடத்தில் ஒலி அலை தட்டையாகக் கிடந்தது, நான்கு விநாடி. நடுவில் என் நாற்காலி ஒரு தடவை கிரீச்சிடுகிறது. பிறகு நான், "இல்ல... டிலீட் பண்ணிட்டேன்" என்கிறேன். வழக்கமாக ஒரு விநாடிக்கு மேல் மௌனம் இருந்தால் வெட்டிவிடுவேன், மூச்சு வாங்குவதைக்கூட விடமாட்டேன். அன்று வெட்டவில்லை. அந்த வாரம் வந்த மெயில்களில் பாதி அந்த நான்கு விநாடியைப் பற்றித்தான். "உங்கள் ரிவ்யூவைப் படித்து வாங்க இருந்தேன், அந்த மௌனத்தைக் கேட்டு விட்டுவிட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தில் இது நடக்காது. ஒரு கேமைப் பற்றி எழுதி முடித்துவிட்டால் அடுத்த கேமுக்குப் போய்விடுவோம். யாரும் வந்து "இப்பவும் ஆடுறியா" என்று கேட்பதில்லை. வாராவாரம் பேசுகிறவனிடம் அந்தக் கேள்வி தானாக வரும்.

இதே காரணத்தால் பாட்காஸ்டில் குறையும் உண்டு. காதால் கேட்டு ஒரு கேம் எப்படி ஓடுகிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. திணறல், எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் எங்கள் வாய் வார்த்தைதான். பேச்சு வாக்கில் தப்பும் வரும். ஒரு தடவை, ஒரு ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன். மூடவில்லை, இன்னொரு ஸ்டுடியோவோடு குழப்பிக்கொண்டேன். கட்டுரை என்றால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பேன். அடுத்த எபிசோடின் தொடக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். ஆனால் முதல் எபிசோடைக் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டாவதைக் கேட்பார்களா என்ன? அந்தத் தவறு இன்னும் யார் காதிலோ உண்மையாக உலாவிக்கொண்டிருக்கிறது. ஆகவே வருடம், எண்ணிக்கை, யார் எதை விற்றார்கள் போன்ற விஷயங்களில் எங்களை மாதிரி ஆட்களின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் நம்புங்கள், அதை நாங்கள் குழப்பிக்கொள்வதில்லை.

யாருக்குப் பயம் என்று சொல்கிறேன் என்றேன். கேட்பவர்களுக்குத்தான். எங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வகை கேமை நேசிப்பவர்கள், அதனால்தான் எங்களிடம் வந்தார்கள். அந்த வகையில் வரும் பெரிய கேம் ஒன்றை மோசம் என்று சொன்னால் அந்த மாதம் சிலர் கழன்றுகொள்வார்கள். எங்களுக்கு நடந்திருக்கிறது. சொல்லாமல் இருந்ததில்லை, ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் அந்த நினைப்பு வந்து போகிறது, வரவில்லை என்றால் பொய். இன்னொன்று, சின்ன கேம் செய்கிறவர்களை எங்களுக்கு நேரில் தெரிந்துவிடுகிறது. பாட்காஸ்டுக்கு வந்து ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசியவரின் கேமை மறுவாரம் எப்படித் திட்டுவது? இதற்கு நாங்கள் கண்ட வழி, விருந்தாளியாக வந்தவரின் கேமுக்கு ரிவ்யூ எழுதுவதில்லை. அரைகுறை வழிதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பல கேம்களை நாங்கள் சொந்தக் காசில் வாங்குகிறோம். சொந்தக் காசு என்றால் பிடிக்கும் என்று தோன்றுவதைத்தான் வாங்குவோம். பிடிக்கும் என்று எண்ணி வாங்கியது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆக, சுயேச்சையாக நடத்தும் ஒரு தளத்தைத் தொடர்ந்து படித்தால் இந்த உலகில் வருவதெல்லாம் நல்ல கேம்தான் என்று தோன்றிவிடும். பெரிய தளத்தில் ஒருவருக்கு, அவருக்குப் பிடிக்காத வகை கேமையும் எடிட்டர் கையில் திணிப்பார். எனக்கு அப்படித் திணிக்க ஆள் இல்லை. நேர்மையாகவே இருந்துகொண்டு ஒரு பக்கமாகச் சாய முடியும் என்பதை நான் இந்தத் தொழிலில்தான் கற்றேன்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு. ஒரு பாட்காஸ்ட் உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்க்க, புது எபிசோடைக் கேட்காதீர்கள். நீங்கள் நூறு மணி நேரம் ஆடிக் கரைத்துக் குடித்த ஒரு பழைய கேமைப் பற்றி அவர்கள் அந்தக் காலத்தில் என்ன பேசினார்கள் என்று தேடிக் கேளுங்கள். உங்களோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. நீங்கள் ரசித்த இடத்தை அவர் திட்டினாலும், எதைத் திட்டுகிறார் என்று உங்களுக்குப் புரிந்தால் போதும். எனக்கு ஒருவர் இருக்கிறார், அவர் "கதை ரொம்ப நீளம்" என்று சலித்துக்கொண்டால் நான் உடனே வாங்கிவிடுவேன். அடுத்து, எத்தனை மணி நேரம் ஆடினேன், எந்த இயந்திரத்தில் ஆடினேன், கீ ஓசியில் வந்ததா என்பதைக் கேட்காமலே சொல்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டு பேரும் எப்போதும் ஒத்துப்போனால் ஒருவர் போதுமே, இன்னொருவர் எதற்கு என்று சந்தேகப்படுங்கள். நீங்கள் ஆடுவது வருடக்கணக்கில் மாறிக்கொண்டே போகும் ஆன்லைன் கேம் என்றால் பழைய ரிவ்யூ எதையும் தொடாதீர்கள், எங்களுடையதையும் சேர்த்து. 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தபோது எழுதியது எல்லாம் அன்றைக்குச் சரி. 2018-இல் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பின் ஆடியவருக்கு அது வேறு கேமைப் பற்றி எழுதிய மாதிரித் தெரிந்திருக்கும்.

உங்கள் 88 மதிப்பெண் கேமைப் பொறுத்தவரை, முதல் நாள் வாங்காமல் இரண்டு வாரம் பொறுத்திருந்தால், உங்களுடையதைப் போன்ற கார்டு வைத்திருக்கிறவர்கள் புலம்புவதை நீங்களே படித்திருப்பீர்கள். எந்த விமர்சகரும் தேவைப்பட்டிருக்காது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால் பணம் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள்ளும், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருந்தால் காரணம் எதுவானாலும் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் ஆறு மணி நேரம் ஆடிவிட்டீர்கள், வழக்கமான கணக்கில் இது தாண்டிவிட்டது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை, ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். அடுத்த முறை அந்த 2 மணி நேரத்தைக் கதைக்குக் கொடுக்காதீர்கள். முன்கதைக் காட்சிகளை எல்லாம் தாண்டிவிட்டு, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள தெருவோ பெரிய சண்டையோ எங்கே வருகிறதோ அங்கே போய் நின்று, செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். அங்கேயும் திணறினால் கடிகாரம் இரண்டைத் தொடுவதற்குள் மூடிவிடுங்கள்.